வீட்டுக் கல்யாணத்தை நீங்களே கேமராவுல எடுக்கப் போறீங்களா? முன்னாடியே பாத்து வெக்க வேண்டியது

தங்கச்சி கல்யாணம், மச்சான் கல்யாணம்னு வரும்போது வீடியோவுக்கு ஆள் வெக்க பட்ஜெட் ஒத்து வரல, இல்ல ஆள் வெச்சிருந்தாலும் நம்ம பக்கம் ஒரு கேமரா ஓடட்டும்னு நினைக்கறவங்களுக்காக இதை எழுதறேன். எங்க வீட்டு விசேஷத்துக்கு நான் இறங்கினப்போ எங்க தேடினாலும் எந்த கேமரா நல்லது, எந்த லென்ஸ் நல்லதுங்கற பேச்சுதான் கிடைச்சுது, மண்டபத்துல மூணு நாலு மணி நேரம் கேமரா நிக்காம ஓட என்னென்ன பாத்து வெக்கணும்னு ஒரே இடத்துல யாரும் சொல்லல. அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்னு கேட்டு, படிச்சு, ரொம்ப அலைஞ்சுதான் தெரிஞ்சுக்கிட்டேன். தாலி கட்டறதுக்கு ரீடேக் கிடையாது. படம் கொஞ்சம் சுமாரா இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அந்த நிமிஷமே பதிவாகலைன்னா ஆயுசுக்கும் பேச்சு வரும். அதனால கீழ இருக்கறதெல்லாம் அழகா எடுக்கறதுக்கு இல்ல, அறுபடாம எடுக்கறதுக்கு.

1. கேமரா வாடகைன்னா: பேப்பர், டெபாசிட், நேரம்

சொந்த கேமரா இருந்தா இதைத் தாண்டிப் போயிடுங்க. வாடகைக்கு எடுக்கறவங்க முதல்ல முகூர்த்தத் தேதியப் பாருங்க. தை, வைகாசி, ஆவணி மாதிரி மாசத்துல பெரிய முகூர்த்த நாளுக்கு கடைசி வாரம் போய் கேட்டா நல்ல கேமரா எதுவும் இருக்காது, ஒரு மாசம் முன்னாடியே அட்வான்ஸ் கொடுத்து வெச்சுடுங்க. வாடகை ஊருக்கு ஊர் மாறும். ஒரு சாதாரண மிரர்லெஸ் கேமரா ஒரு லென்ஸோட நாளைக்கு ஆயிரம், ஆயிரத்தைநூறு பக்கம் வரும்னு கணக்கு வெச்சுக்கோங்க, ட்ரைபாட், மைக், எக்ஸ்ட்ரா பேட்டரிக்கெல்லாம் தனித்தனியா போடுவாங்க.

ஐடி ப்ரூஃப் கேப்பாங்க, அட்ரஸ் ப்ரூஃப் கேப்பாங்க, சில இடத்துல டெபாசிட்டோ செக்கோ கேப்பாங்க. ஆதார் காப்பி கொடுக்கறதுன்னா யூஐடிஏஐ தளத்துலேர்ந்து கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரை எடுத்துக் கொடுத்துப் பாருங்க, ஜெராக்ஸ்தான் வேணும்னா அது மேலயே "கேமரா வாடகைக்கு மட்டும்"னு தேதி போட்டு எழுதிக் கொடுங்க. ஒரிஜினல் கார்டை அடகு மாதிரி வெச்சுட்டுப் போங்கன்னா ஒத்துக்காதீங்க, வேற கடை பாருங்க.

'ஒரு நாள்'னா 24 மணி நேரமா, இல்ல காலையிலேர்ந்து ராத்திரி வரைக்குமான்னு கேட்டு ரசீதுலயே எழுதி வாங்குங்க. சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில முகூர்த்தம்னா சில கடையில ரெண்டு நாள் வாடகை ஆயிடும்.

கடையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி உங்க போன்லயே கேமராவைச் சுத்தி ஒரு வீடியோ எடுத்துக்கோங்க, கீறல், லென்ஸ் கண்ணாடி, அடியில இருக்கற சீரியல் நம்பர் எல்லாம் தெரியட்டும். லென்ஸை லைட்டுக்கு நேரா பிடிச்சு உள்ள பாருங்க, சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா ஃபங்கஸ், அதை மாத்திக் கொடுக்கச் சொல்லுங்க. மைக் ஜாக்ல மைக்கைச் சொருகி அங்கயே ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி, திரும்பப் போட்டுக் கேட்டுடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதான், ஆனா டெபாசிட் திரும்ப வாங்கற நேரத்துல நமக்கு இருக்கற ஒரே சாட்சி அந்த போன் வீடியோதான்.

2. மெமரி கார்டு

இதுல காசு மிச்சம் பண்ணாதீங்க. கார்டு மேல பெரிசா போட்டிருக்கற ஸ்பீடு படிக்கற வேகம், நமக்கு வேண்டியது எழுதற வேகம். அதுக்கு வி30ன்னு ஒரு குறி இருக்கும், செகண்டுக்கு குறைஞ்சது 30 எம்பி நிக்காம எழுதும்னு அர்த்தம், யு-க்குள்ள 3 போட்டிருந்தாலும் அதேதான். 4கே வீடியோ செகண்டுக்கு 100 மெகாபிட்ல ஓடினா (8 மெகாபிட் சேந்தா ஒரு எம்பி) செகண்டுக்கு 12.5 எம்பிதான் ஆகுது, அதனால வி30 தாராளமா போதும். கார்டு வேகம் பத்தலைன்னா ரெக்கார்டிங் பாதியில தானா நின்னுடும், சத்தம் கூட வராது.

இடம் எவ்வளவு வேணும்னு கணக்கு: 100 மெகாபிட் 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, 50 மெகாபிட் ஃபுல் ஹெச்டி அதுல பாதி. ஆக 64 ஜிபி கார்டுல 4கே ஒண்ணேகால் மணி நேரம் சொச்சம், ஃபுல் ஹெச்டி ரெண்டே முக்கால் மணி நேரம். நான் என்ன சொல்லுவேன்னா, ட்ரைபாட்ல நிக்க வெக்கற கேமராவுக்கு ஃபுல் ஹெச்டியே போதும். கார்டும் தாங்கும், பேட்டரியும் தாங்கும், முக்கியமா சூடு அவ்வளவா ஏறாது. ஒரே 256 ஜிபி கார்டுக்கு பதிலா நாலு 64 ஜிபியா வாங்கினா ஒண்ணு போனாலும் மிச்சம் தப்பிக்கும்.

டூப்ளிகேட் கார்டு நிறைய சுத்துது. மத்த கடையில விக்கற விலையில பாதிக்குக் கிடைச்சா சந்தேகப்படுங்க. கம்ப்யூட்டர்ல ஹெச்2டெஸ்ட்டபிள்யூன்னு (H2testw) ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அது கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படிச்சு, சொன்ன அளவு நிஜமாவே இருக்கான்னு காட்டிடும். 64ன்னு எழுதி உள்ள 8 ஜிபி மட்டும் இருக்கற கார்டு இதுல உடனே மாட்டிக்கும். பெரிய கார்டுக்கு நேரம் எடுக்கும், ராத்திரி போட்டு விட்டுடுங்க.

கார்டை ஃபார்மேட் பண்றது எப்பவும் கேமராவுக்குள்ளயே பண்ணுங்க, லேப்டாப்ல வேண்டாம். அப்புறம் கார்டோட பக்கத்துல ஒரு சின்ன லாக் இருக்கும், லூசா இருந்தா கேமராவுக்குள்ள தள்ளும்போதே கீழ இறங்கி லாக் ஆயிடும், அப்புறம் ரெக்கார்டே ஆகாது. அப்படி லூசா இருக்கற கார்டை அன்னிக்கு எடுத்துக்கிட்டே போகாதீங்க.

3. பேட்டரியும் மண்டபத்து கரண்டும்

வீடியோவுல பேட்டரி தண்ணியா ஓடும். சோனியோட பழைய சின்ன பேட்டரி 1020 எம்ஏஹெச், புது மாடல்ல வர்ற பெரிசு 2280 எம்ஏஹெச், அதனால கேமரா என்ன மாடலோ அதைப் பாத்துதான் எத்தனை பேட்டரி வேணும்னு முடிவு பண்ண முடியும். வீட்டுல ஃபுல் சார்ஜ் போட்டு, எவ்வளவு நேரத்துல ஆஃப் ஆகுதுன்னு ஓட விட்டுப் பாத்துட்டு, அந்தக் கணக்குக்கு மேல ஒண்ணு கூட வெச்சுக்கோங்க.

டம்மி பேட்டரின்னு ஒண்ணு விக்கறாங்க, பேட்டரி இடத்துல அதைப் போட்டு நேரா ப்ளக்ல சொருகிடலாம். கேக்க நல்லாத்தான் இருக்கும், மண்டபத்துல ஆபத்து. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கற அந்த சில செகண்ட்ல கேமரா ஆஃப் ஆயிடும், அதுவரைக்கும் ஓடின ஃபைல் ஒழுங்கா மூடாமப் போயிடும், திறந்தா திறக்காது. சில கேமராவுல உள்ள பேட்டரி இருக்கும்போதே யூஎஸ்பி வழியா பவர் பேங்க்லேர்ந்து கரண்ட் எடுக்கற வசதி இருக்கு, அது இருந்தா அதையே பயன்படுத்துங்க, ஒயர் பிடுங்கினாலும் உள்ள பேட்டரி தாங்கிடும். எதுவா இருந்தாலும் ஒயரை டேப் போட்டு தரையோட ஒட்டிடுங்க, மண்டபத்துல ஓடற குழந்தைங்க கால்ல அது கண்டிப்பா மாட்டும்.

4. முன்னாடியே போட்டு வெக்க வேண்டிய செட்டிங்

இதையெல்லாம் ஒரு வாரம் முன்னாடி வீட்டுல உக்காந்து பண்ணுங்க, மண்டபத்துல பண்ண நேரம் கிடைக்காது.

நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கேமரா மெனுவுல வீடியோ முறை என்டிஎஸ்சியில (NTSC, 60 ஹெர்ட்ஸ் ஊருக்கானது) இருந்தா பால்-க்கு (PAL, 50 ஹெர்ட்ஸுக்கானது) மாத்தி, செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் செகண்டுல 50ல ஒண்ணுன்னு வெச்சுடுங்க. 30 ஃப்ரேம், 60ல ஒண்ணுன்னு விட்டா ட்யூப்லைட் வெளிச்சத்துல படம் முழுக்க சிமிட்டும், அப்புறம் எடிட்டிங்ல சரி பண்றது பெரிய பாடு. சில கேமராவுல இதை மாத்தினா கார்டை ஃபார்மேட் பண்ணச் சொல்லும், அதனால ஏற்கனவே எடுத்தது ஏதாவது இருந்தா முதல்ல காப்பி பண்ணிடுங்க. மேடைக்குப் பின்னாடி எல்இடி ஸ்க்ரீன் வெச்சிருந்தா 50ல ஒண்ணுலயும் கோடு ஓடலாம், லைட் போட்டுப் பாக்கற நேரத்துல போய் ஷட்டரைக் கொஞ்சம் முன்ன பின்ன நகத்திப் பாருங்க.

வெள்ளை வெள்ளையாவே தெரிய கேமரா கலரைச் சரி பண்ற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவுல விடாதீங்க. மஞ்சள் ஃபோகஸ் லைட்டும் வெள்ளை எல்இடியும் கலந்து இருக்கற இடத்துல பொண்ணு முகம் ஒரு நிமிஷம் மஞ்சளா ஒரு நிமிஷம் நீலமா மாறிக்கிட்டே இருக்கும். மேடையில ஒரு வெள்ளை வேஷ்டியைக் காட்டி ஃபிக்ஸ் பண்ணிடுங்க. ட்ரைபாட்ல வெக்கும்போது, கை ஆட்டத்தைச் சமாளிக்கற ஸ்டெபிலைசேஷனை ஆஃப் பண்ணுங்க. படத்தை வெளுத்த மாதிரி பதிவு பண்ற லாக் (Log) ப்ரொஃபைல் பக்கமே போகாதீங்க, அப்புறம் எடிட்டிங்ல கலர் ஏத்தற கலர் கிரேடிங் தெரியாதவங்களுக்கு அது தலைவலிதான்.

பவர் சேவ்ல கேமரா தானா தூங்கறதை நிறுத்துங்க. சோனியில 'ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்'னு ஒரு மெனு இருக்கும், அதை ஹைன்னு வெச்சா கொஞ்சம் சூடு ஏறினாலும் சட்டுனு நிக்காது, ஆனா அப்போ கேமராவைக் கையில பிடிக்காம ட்ரைபாட்லயே வெச்சுக்கணும். பின்னாடி ஸ்க்ரீனை வெளிய இழுத்து வெச்சாலே உடம்புல காத்து பட்டு சூடு குறையும்.

5. 29 நிமிஷம் 59 செகண்ட்

நிறைய டிஎஸ்எல்ஆர், பழைய மிரர்லெஸ் எல்லாம் ஒரே மூச்சுல 29 நிமிஷம் 59 செகண்டுக்கு மேல எடுக்காது, தானா நின்னுடும். கார்டுல இடம் இருக்கும், பேட்டரி இருக்கும், கேமரா ஆன்லதான் இருக்கும், ரெக்கார்டிங் மட்டும் இருக்காது. ட்ரைபாட்ல வெச்சுட்டு சாப்பிடப் போனா தெரியவே தெரியாது.

உங்க கேமராவுல இந்தக் கட்டுப்பாடு இருக்கான்னு வீட்டுல ஒரு தடவை ஓட விட்டுத் தெரிஞ்சுக்கோங்க. இருந்தா, அது நிக்கறதுக்கு நீங்க காத்திருக்காதீங்க, நீங்களே தோதான இடத்துல நிறுத்தி மறுபடி போடுங்க. கல்யாணத்துல அதுக்கு இடைவெளி நல்லாவே கிடைக்கும், பொண்ணு கூறைப்புடவை வாங்கிக்கிட்டு மாத்திட்டு வரப் போற நேரம் அதுக்கு ரொம்பத் தோது. அப்ப நிறுத்தி, பேட்டரி மாத்தி, கார்டு மாத்தி, பொண்ணு மணமேடைக்குத் திரும்பி வர்றப்போ புதுசா ஆரம்பிச்சீங்கன்னா தாலி கட்டி முடிச்சு, மெட்டி போட்டு, அம்மி மிதிக்கற வரைக்கும் கவலை இல்லாம ஓடும். சடங்கு ஒவ்வொரு வீட்டுக்கும் மாறும், அதனால முந்தின நாளே ஐயர்கிட்டயோ வீட்டுப் பெரியவங்ககிட்டயோ எதுக்கப்புறம் எதுன்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி ட்ரைபாட்லயே ஒட்டிக்கோங்க.

இன்னொண்ணு, ரெக்கார்ட் பட்டனை அவசரத்துல ரெண்டு தடவை அமுக்கிட்டா ஓடுதுன்னு நினைக்கறப்போ நின்னிருக்கும், நின்னிருக்குன்னு நினைக்கறப்போ ஓடும். அமுக்கினதும் சிவப்புக் குறியும் நகர்ற செகண்டும் ஸ்க்ரீன்ல தெரியுதான்னு பாத்துட்டுத்தான் கண்ணை எடுக்கணும்.

6. சத்தம்

கேமரா உள் மைக்கை மட்டும் நம்பினா நாதஸ்வரமும் தவிலும் கிழிஞ்ச ஸ்பீக்கர் மாதிரிதான் பதிவாகும். மைக் லெவல் ஆட்டோவுல இருந்தா இன்னொரு தொல்லை, கெட்டிமேளம் அடிச்சதும் கேமரா தானா சத்தத்தைக் குறைச்சுக்கும், மேளம் ஓய்ஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் மந்திரமும் பேச்சும் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கும். அதனால மேனுவல்ல வெச்சு, முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புல மேளக்காரங்க நல்லா வாசிக்கற நேரத்துல லெவல் பாத்து, ஸ்க்ரீன்ல தெரியற சத்த மீட்டர் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிக்கற மாதிரி குறைச்சுக்கோங்க. உச்சத்துல கொஞ்சம் மேல போனாலும் 0-வைத் தொடக்கூடாது. குறைவா பதிவானதை அப்புறம் கூட்டிக்கலாம், கிழிஞ்சதை ஒண்ணும் பண்ண முடியாது.

மண்டபத்து மைக்செட் மிக்ஸர்லேர்ந்து ஒயர் எடுத்து நேரா மைக் ஜாக்ல சொருகாதீங்க, அது லைன் லெவல், மைக் லெவலை விட ரொம்பப் பெரிசு, கிழிஞ்சுதான் வரும். செலவில்லாத வழி ஒண்ணு, பழைய போன் இருந்தா ஏரோப்ளேன் மோட்ல போட்டு, வாய்ஸ் ரெக்கார்டரை ஓட விட்டு, மணமேடை ஓரம் பூ அலங்காரத்துக்குப் பின்னாடி வெச்சுடுங்க. ஐயர் சொல்றது, பொண்ணும் மாப்பிள்ளையும் மெதுவா பேசிக்கறது எல்லாம் அதுல தெளிவா வரும். ஆரம்பத்துல கேமரா முன்னாடி ஒரு தடவை கை தட்டிடுங்க, எடிட் பண்ணும்போது ரெண்டையும் சேக்க வசதியா இருக்கும்.

7. ட்ரைபாட் எங்க வெக்கறது

ஹால் நடுவுல, நேரா மேடையைப் பாத்து வெச்சா காலையில எல்லாம் அருமையா தெரியும். ஐயர் கையைத் தூக்கி கெட்டிமேளம்னு சொன்னதும் முன் வரிசை மொத்தமும் எழுந்திரிச்சு அட்சதை போடும், பாதி பேர் போனைத் தூக்கிப் பிடிப்பாங்க, உங்க கேமராவுல முதுகும் போன் ஸ்க்ரீனும்தான் இருக்கும். மேடை மேலயே ஓரமா, மாப்பிள்ளை பக்கமா இல்லாம பொண்ணு பக்கமா சாய்வா வெச்சா, தாலி கட்டற கையும் பொண்ணு முகமும் சேர்ந்து கிடைக்கும். நாத்தனார் முடிச்சுப் போட பின்னாடி வந்து நிப்பாங்க, அந்த இடத்தை விட்டுட்டு வெக்கணும். கூலிக்கு வந்த வீடியோகாரங்க இருந்தா முந்தின நாளே அவங்ககிட்ட போய் "அண்ணே, நான் இந்த மூலையில நிக்கட்டுமா"ன்னு கேட்டுடுங்க, அவங்க ஃப்ரேமுக்குள்ள போகாம இருந்தா அவங்களே நமக்கு நல்ல இடம் காட்டிக் கொடுப்பாங்க.

ட்ரைபாட் பக்கத்துல ஒரு ஆள் கண்டிப்பா நிக்கணும், சொந்தத்துல கல்லூரி படிக்கற பசங்க யாராவது ஒருத்தர் போதும்.

8. ஏசி, புகை, லேசர்

விடியக்காலை முகூர்த்தம்னா கேமரா ராத்திரி முழுக்க ஏசி ரூம்ல ஜில்லுனு இருந்திருக்கும், அங்கேர்ந்து புழுக்கமான ஹாலுக்குக் கொண்டு வந்ததும் லென்ஸ்ல ஆவி படியும். துணியால துடைச்சா திரும்பத் திரும்பப் படியும். அரை மணி நேரம் முன்னாடியே பையோட வெளிய எடுத்து வெச்சுடுங்க, பையைத் திறக்காம விடுங்க.

ஹோமப் புகையில நெய் பிசுக்கு இருக்கும், லென்ஸ் முன்னாடி ஒரு யூவி ஃபில்டர் போட்டுக்கிட்டா கண்ணாடி தப்பிக்கும். துண்டுலயும் வேஷ்டி முனையிலயும் துடைக்காதீங்க, முதல்ல ப்ளோயரால ஊதி, அப்புறம் மைக்ரோஃபைபர் துணி. புகை வரும்போது ஆட்டோஃபோகஸ் முன்ன பின்ன அலையும், அந்த நேரம் மட்டும் மேனுவல்ல வெச்சுடுங்க.

ரிசப்ஷன்ல லேசர் லைட் போட்டா ரொம்ப ஜாக்கிரதை. லேசர் கதிர் நேரா லென்ஸுக்குள்ள விழுந்தா சென்ஸார்ல நிரந்தரமா புள்ளியோ கோடோ விழுந்துடும், அது ரிப்பேர் இல்ல, சென்ஸாரையே மாத்தணும், வாடகை கேமராவா இருந்தா டெபாசிட் மொத்தமும் பத்தாது. லைட் போடறவங்ககிட்ட கதிரை ஆள் தலைக்கு மேல தூக்கி வெக்கச் சொல்லுங்க, கேக்கலைன்னா அந்தப் பாட்டு முடியற வரைக்கும் லென்ஸ் மூடியைப் போட்டுடுங்க.

9. கோவில்ல கல்யாணம்னா

கோவில்ல கல்யாணத்துக்கு ரசீது போடற அன்னிக்கே வீடியோவுக்கும் அனுமதி கேளுங்க. கோவிலுக்குக் கோவில் விதியும் கட்டணமும் வேற, கட்டினதுக்கு ரசீது வாங்கி கேமரா பையிலயே வெச்சுக்கோங்க, வாசல்ல நிறுத்தினா காட்டணும். கோவில்களுக்குள்ள செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டிருக்கு, அதனால போன்ல சத்தம் பதிவு பண்றதை அங்க நம்பாதீங்க, சின்ன ஆடியோ ரெக்கார்டர்னாலும் ஆஃபீஸ்ல கேட்டுட்டுத்தான் கொண்டு போகணும். கருவறைப் பக்கம் லென்ஸைத் திருப்பவே கூடாது.

10. முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே காப்பி

அசதியா இருக்கும், இருந்தாலும் தூங்கறதுக்கு முன்னாடி இதை முடிச்சுடுங்க. நிறைஞ்ச கார்டை சட்டைப் பையில போடாம ஒரு சின்ன டப்பாவுல, எழுத்துப் பக்கம் கீழ பாத்த மாதிரி வெச்சா எது நிறைஞ்சது எது காலின்னு குழப்பம் வராது.

கார்டுல இருக்கற டிசிஐஎம் (DCIM) ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணிட்டு வீடியோவும் வந்துடுச்சுன்னு நினைக்கறது நிறைய பேர் விழற குழி. சோனி கேமராவுல டிசிஐஎம்ல போட்டோ மட்டும்தான் இருக்கும், வீடியோ பிரைவேட், அதுக்குள்ள எம்4ரூட், அதுக்குள்ள க்ளிப்னு வேற இடத்துல இருக்கும். தேடிக்கிட்டு இருக்காம கார்டுல இருக்கறதை மொத்தமா அப்படியே காப்பி பண்ணிடுங்க. யூஎஸ்பி 3 ரீடர் இருந்தா 45 ஜிபி பத்து நிமிஷம் சுத்தி முடியும், பழைய யூஎஸ்பி 2 ரீடர்னா அரை மணி நேரம் ஆகும்.

லேப்டாப்ல ஒண்ணு, வெளி ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல போட்டு, ரெண்டுலயும் சைஸ் சரியா இருக்கான்னு பாத்து, தாலி கட்டற க்ளிப்பை ரெண்டுலேர்ந்தும் திறந்து ஓட்டிப் பாத்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் பண்ணலாம். கூகுள் டிரைவ்ல இலவசமா 15 ஜிபிதான், முழு கல்யாணம் அதுல அடங்காது. சொந்தக்காரங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறதுன்னா டாக்குமெண்ட்டா அனுப்புங்க, 2 ஜிபி வரைக்கும் தரம் குறையாம போகும்.

11. ஃபைல் திறக்கலைன்னா

பதறாதீங்க, அந்தக் கார்டுல அதுக்கப்புறம் ஒரு போட்டோ கூட எடுக்காதீங்க. முதல்ல அதே கேமராவுல கார்டைப் போட்டு ஆன் பண்ணுங்க, சில கேமரா தானே பாத்துட்டு ரிப்பேர் பண்ணட்டுமான்னு கேக்கும். கேக்கறதுக்கு முன்னாடி கார்டை முழுசா ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது. அழிஞ்ச ஃபைல்னா ஃபோட்டோரெக்ங்கற இலவச சாஃப்ட்வேர் நிறைய மீட்டுக் கொடுக்கும், ஆனா மீட்கறதை அதே கார்டுல சேவ் பண்ணாதீங்க. பாதியில அறுந்த ஃபைலை சரி பண்ணித் தர்றவங்க, அதே கேமராவுல அதே செட்டிங்ல எடுத்த நல்ல க்ளிப் ஒண்ணு கேப்பாங்க, அதுக்காகவே அன்னிக்குக் காலையில ஒரு நிமிஷ டெஸ்ட் க்ளிப் எடுத்து வேற கார்டுல வெச்சுக்கோங்க.

12. திருப்பிக் கொடுக்கறது

வாடகை கேமராவை ஆள் விட்டு அனுப்பாம நீங்களே போய்க் கொடுங்க. அவங்க கார்டைப் பயன்படுத்தியிருந்தா ஃபார்மேட் பண்ணிட்டுக் கொடுங்க, வீட்டுப் பொம்பளைங்க, குழந்தைங்க படமெல்லாம் அதுல இருக்கும். கடைக்காரர் முன்னாடியே ஆன் பண்ணி, லென்ஸைக் காட்டி, எடுத்துட்டுப் போனப்போ எடுத்த போன் வீடியோவோட ஒப்பிட்டு, கொடுத்த நேரத்தை ரசீதுல எழுதிக் கையெழுத்து வாங்கி, டெபாசிட்டையும் செக் கொடுத்திருந்தா அந்தச் செக்கையும் அங்கயே கையில வாங்கிட்டு வாங்க.